காட்பாடியிலிருந்து ஜப்பானுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு வருடமாக ஜப்பானிய நாவல்களாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். கவாபாட்டாவின் 'பனி தேசம்' கையில் வந்தது மே மாதம். வேலூர் வெயிலில் மின்விசிறியும் அனல் காற்றைத்தான் தள்ளும், அந்த நேரத்தில் நீண்ட சுரங்கத்தைத் தாண்டி ரயில் பனிக்குள் நுழைகிற முதல் வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்து சோசெகியின் 'கொகொரோ'. 1914-இல் வந்தது. பிற்பகுதி முழுக்க ஒரே ஒரு கடிதம்தான், ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு மனிதர் தன் குற்ற உணர்வை இறக்கி வைக்கிற விதம் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் துப்பறியும் கதைகள். செய்ச்சோ மட்சுமோட்டோவின் 'புள்ளிகளும் கோடுகளும்' நாவலை காட்பாடி ஜங்ஷனில் தாமதமான ரயிலுக்காக உட்கார்ந்தபடி படித்தேன். டோக்கியோ நிலையத்தில் 13-ஆம் நடைமேடையிலிருந்து 15-ஆம் நடைமேடையைப் பார்க்க, இடையில் ரயில் எதுவும் நிற்காத நான்கு நிமிடம்தான் கிடைக்கும், மொத்த மர்மமும் அதிலிருந்து கிளம்புகிறது. இன்னொரு துப்பறியும் எழுத்தாளரான கெய்கோ ஹிகாஷினோவோ ஒரு நாவலில் கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, கடைசிப் பக்கம் வரை விடாமல் இழுக்கிறார்.

இவற்றையெல்லாம் நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன், என் அம்மாவால் அது முடியாது. ஜப்பானிய மொழி படித்த தமிழர்கள் இருக்கிறார்கள். பதிப்பாளர்கள் அவர்களைத் தேடிப்பிடித்து நேரடியாக மொழிபெயர்க்க வைக்க வேண்டும், நம் ஊர் நூலகங்களிலும் அவை கிடைக்க வேண்டும்.

ஒரு வாசகி,
காட்பாடி, வேலூர்.