டைல்ஸ் பதிப்பதில் ஊரின் வெயிலையும் தண்ணீரையும் கணக்கில் கொள்ள வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை முற்றும் பங்குனி, சித்திரை மாதங்களில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மொட்டை மாடியிலும் கூடத்திலும் பதித்த டைல்ஸ் திடீரென்று சத்தத்துடன் பெயர்ந்து, இரண்டிரண்டாக முட்டிக்கொண்டு எழும்பி நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள். வீட்டுக்காரர் கடைக்காரரைக் குறை சொல்கிறார். கடைக்காரர் கொத்தனாரைக் கைகாட்டுகிறார். கொத்தனாரோ வெயிலின்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். கட்டட மேற்பார்வைப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், எந்த ஊர், எந்த இடம் என்று பாராமல் எங்கும் ஒரே விதமாகப் பதிப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பேன்.

பெயர்ந்த டைல்ஸைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். பின்புறத்து வரிகள் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்தது போலவே சுத்தமாக இருக்கும். சாந்து முழுவதும் தரையோடு தங்கியிருக்கும். சிவப்பு மண்ணில் செய்த பழைய வகை செராமிக் டைல்ஸ் நீரை உறிஞ்சும்; ஆகவே அதைத் தண்ணீரில் ஊற வைத்து, சிமெண்ட் பால் தடவிப் பதித்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இப்போது எல்லோரும் விரும்பி வாங்கும், கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு வகை 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. பனி உறையும் நாடுகளில், உள்ளே புகுந்த நீர் உறைந்து ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்து டைல்ஸைப் பிளக்கும் என்பதால், இந்தக் குணம் அங்கே இன்றியமையாதது. நமக்கு அந்தக் கவலை இல்லை. நாம் வாங்குவது பளபளப்புக்காக. ஆனால் நீரை உறிஞ்சாத பொருளைச் சிமெண்டும் எளிதில் பற்றாது என்பதை மறந்து, அதையும் தொட்டியில் ஊறப்போட்டுப் பழைய முறையிலேயே பதிக்கிறோம். இதற்கென உள்ள பசையை, பையின்மேல் ஐ.எஸ். 15477 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, விளிம்பில் பல் வெட்டிய பல்கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் பசையை உருண்டையாக வைத்து ஒட்டினால், இடையில் உள்ள வெற்றிடம் நாணயத்தால் தட்டும்போதே வெற்றொலியால் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது இடைவெளி. திறந்த மாடியில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே தளத்தின் சூடு 40 டிகிரி வரை கூடலாம் என்று கொண்டால், 10 மீட்டர் நீள டைல்ஸ் வரிசை ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அடியிலுள்ள கான்கிரீட் சூடேறினால் அதைவிடக் கூடுதலாகவே நீளும். அந்த நீட்சிக்கு இடம் விடாமல் கைப்பிடிச் சுவர்வரை இறுக்கிப் பதித்தால், டைல்ஸ் மேலே எழும்புவதைத் தவிர வேறு வழி ஏது? எனவே டைல்ஸுக்கு டைல்ஸ், இடைவெளி சீராக இருக்க ஸ்பேசர் என்னும் சிறு துண்டு வைத்து 3 மில்லிமீட்டராவது விடுவதோடு, மாடியில் 8 முதல் 12 அடிக்கு ஒருமுறையும் சுவர் ஓரத்திலும் 10 மில்லிமீட்டருக்குக் குறையாத, நீட்சிக்கு இடம் தரும் இணைப்பு இடைவெளி விட்டு, அதை வளைந்துகொடுக்கும் சீலண்டால் அடைக்க வேண்டும். 'இடைவெளி விட்டால் அழுக்குச் சேரும், ஒட்டிப் போடுங்கள்' என்று வற்புறுத்துபவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் செய்யும் வேலையை, அதில் ஏறக்குறைய பாதி உயரத்திலுள்ள தருமபுரியில் அப்படியே செய்ய முடியாது. கோடை வெயிலில் இழுத்த பசை சில நிமிடங்களில் மேலே ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் ஒட்டாத பசையின்மேல் டைல்ஸை வைத்துப் பயனில்லை. தருமபுரிப் பக்கம் காலையிலும் மாலையிலும் நிழல் கட்டி வேலை செய்வதே நல்லது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரிலோ பசை மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டு மறுநாளே நடமாடவோ, டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரௌட் போடவோ கூடாது.

பராமரிப்பில் நம் இரு மாவட்டங்களின் பெரிய தொல்லை ஆழ்துளைக் கிணற்று நீர். ஃபுளோரைடு பற்றி நாம் நன்கறிவோம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் குளியலறை டைல்ஸில் படியும் வெள்ளைக் கறைக்குக் காரணம் கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள். அதைப் போக்க ஆசிட் ஊற்றுவது கறையோடு சேர்த்து இடைவெளியிலுள்ள சிமெண்ட் கிரௌட்டையும் கரைத்துவிடும். பிறகு அந்த வழியே நீர் இறங்கிக் கீழ்த்தளம் ஒழுகும். குளித்தவுடன் ரப்பர் துடைப்பானால் நீரை வழித்துவிட்டால் கறை சேராது. சேர்ந்துவிட்டால் நீர்த்த வினிகரைத் தடவி, சிறிது நேரத்தில் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

சதுர அடிக் கணக்கில் கூலி பேசும்வரை, மெதுவாகவும் ஒழுங்காகவும் ஒட்டுபவருக்குத்தான் நட்டம். ஆகவே வேலையை ஒப்படைக்கும்போதே பசையின் வகை, இடைவெளியின் அளவு, மாடியில் இணைப்பு வரும் இடம் ஆகியவற்றை மதிப்பீட்டுத் தாளில் எழுதி, அதற்கேற்பக் கூலி பேச வேண்டும் என வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் நம் மாவட்டக் கொத்தனார்களுக்கு இவ்வேலையில் குறுகிய காலப் பயிற்சி அளிக்க, தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.