சிகிச்சை முடிந்தவர் கையில் ஒரு தாள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் மன உறுதியைப் பாராட்டுகிறோம். அவர்கள் உடலில் சிகிச்சை விட்டுச்சென்றதைப் பின்னாளில் யார் கவனிப்பது என்று கேட்பதில்லை.

மும்பை செம்பூரில் என்னுடன் வசிக்கும் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மழைக்காலத்தில், ரயில் நிலையப் பாலத்தின் படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தெருமுனை மருத்துவர் ஆஸ்துமா என்று கருதி மூன்று மாதம் இன்ஹேலர் கொடுத்தார். (அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் காட்ட எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை.) அடுத்துப் பார்த்த மருத்துவர் பழைய சிகிச்சையைப் பற்றிக் கேட்டபோது, "சிவப்பாக ஒரு மருந்து ஏற்றினார்கள்" என்பது மட்டுமே அவளுக்கு நினைவிருந்தது. அதை வைத்தே அது டாக்ஸோரூபிசினாக இருக்கும் என ஊகித்து அவர் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் குறைந்திருந்தது. அம்மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியதோ அதற்கேற்ப இதயத்துக்கான ஆபத்து கூடும் என்பதும், பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த அளவை அறிய, சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு நான்கு முறை நடந்தோம்.

கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து காதைப் பாதிக்கலாம். இவை மருத்துவ உலகம் அறியாதவை அல்ல. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை, குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கென 1991இலேயே தனிப் பின்கவனிப்புப் பிரிவைத் தொடங்கியது. எல்லா மருத்துவமனைகளிலும் பெரியவர்களுக்கும் அத்தகைய பிரிவு உடனே வேண்டும் என்பது பேராசையாக இருக்கலாம். ஆனால் என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில், இனி எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்பதை ஒரே தாளில், நோயாளி படிக்கும் மொழியில் எழுதித் தருவதற்குப் பெரிய செலவில்லை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழும் நம்மவர் பலருக்கு, ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியில் தம் பெயரைத் தவிர வேறெதுவும் புரிவதில்லை. புற்றுநோயாளிகளுக்கான ரயில் கட்டணச் சலுகை பின்பரிசோதனைப் பயணத்துக்கும் உண்டு என்பதையும் அதே தாளில் சேர்த்தால், சிகிச்சைக்குப் பின் ஊர் திரும்பியவர்களும் தவறாமல் வந்துபோவார்கள்.

தங்கை இப்போது இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். மருத்துவமனைக்கு நான்காம் முறை சென்று அறிந்துவந்த அந்தப் பழைய மருந்தின் பெயரையும் அளவையும் நானே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அவளது ரயில் பாஸுடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செம்பூர் வாசகி,
மும்பை