ராஜ்மாவைக் கொதிக்க வைக்கும் படி விடுபடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சமையல் பக்கத்தில் ராஜ்மாவும் தக்காளியும் சேர்த்துச் செய்யும் 'சில்லி' என்ற அமெரிக்கக் காரக் குழம்பு பற்றிய குறிப்பு வந்திருந்தது. டெக்சாஸ்காரர்கள் இதில் பயறே போடுவதில்லை, இறைச்சியும் மிளகாய் வத்தலும்தான். நம் வீடுகளுக்குப் பயறு சேர்த்ததே நல்லது. கால் கிலோ ராஜ்மாவில் 50 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் ஏராளம். ஐந்து பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

ஆனால் ஊறிய ராஜ்மாவைத் தக்காளியோடு போட்டு மெல்லிய தீயில் வேகவிடச் சொன்னது ஆபத்து. ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காட்டில் நாலைந்து ராஜ்மா மணிகள் உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். 100 டிகிரியில் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். 80 டிகிரி அளவில் நெடுநேரம் கிடந்தால் நச்சு பச்சை மணியில் இருப்பதைவிடக் கூடவே செய்யும். குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் சோறு வடிக்கத் தெர்மல் குக்கர் இருக்கிறது, வளைகுடாவிலிருந்து வருவோர் ஸ்லோ குக்கரும் கொண்டு வருகிறார்கள். சிறுபயறுக்கு அவை போதும். அவற்றில் வெப்பம் கொதிநிலைக்குக் கீழேயே நிற்கலாம் என்பதால் ராஜ்மாவை நேரே போடக் கூடாது. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிற கவனம் இதற்கும் வேண்டும்.

முறை இதுதான். 250 கிராம் ராஜ்மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு 8 மணி நேரம் ஊற வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு 12 மணி நேரம் தாண்டினால் நுரைத்துப் புளித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் வையுங்கள். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் வேகட்டும். ஆவி தானாக அடங்கிய பின் திறவுங்கள். குக்கரின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவதால் இதுவே போதுமானது. வேறு பாத்திரம் என்றால் முதலில் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் பிறகு வேகவையுங்கள். ஐந்தாறு மணிகளை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். ஒன்றுகூட நடுவில் கடினமாக இருக்கக் கூடாது.

தக்காளியை அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு பட்டால் பயறின் தோலும் சதையும் இறுகிவிடும், பிறகு எவ்வளவு கேஸ் எரித்தாலும் வேகாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின கிணற்று நீர் உள்ள ஊர்களிலும் இதே சிக்கல் உண்டு. குடிநீரில் ஊற வைத்து அதிலேயே வேகவைத்தால் தீரும். சோடா உப்பு அள்ளிப் போட்டால் சோப்புச் சுவை வரும், சத்தும் போகும்.

காரத்துக்குக் காஷ்மீரி வத்தல் 5, சாதா வத்தல் 3. விதையை உதறி, வெறும் சட்டியில் அரை நிமிடம் சூடாக்குங்கள். கருகினால் கசப்பு கடைசிவரை போகாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறியதும் விழுதாக அரையுங்கள். தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி போதும். பல்லாரி வெங்காயம் இரண்டையும் பூடு 8 பல்லையும் பொன்னிறமாக வதக்குங்கள். கொத்துக்கறி சேர்ப்பவர்கள் 300 கிராமை அகலச் சட்டியில் இரண்டு தடவையாகத் தனியே வறுத்தெடுக்கலாம். ஒரே தடவையில் குவித்தால் தண்ணீர் விட்டு வெந்து போகும், வறுத்த மணம் வராது. பிறகு வத்தல் விழுதையும் வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டியையும் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். அரைத்த தக்காளி 400 கிராம், வெந்த ராஜ்மா, அது வெந்த நீர், வறுத்த கறி எல்லாம் சேர்த்து, தேவைக்கு உப்புப் போட்டு, மூடாமல் 30 நிமிடம் சிறு தீயில் வையுங்கள். கெட்டியாக மைதாவோ சோளமாவோ வேண்டாம், ஒரு கரண்டி ராஜ்மாவை மசித்துவிட்டாலே போதும். புளிப்பு தூக்கலாக இருந்தால் சிறு துண்டு கருப்பட்டி.

ஓரிகானோ பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. முற்றத்தில் நிற்கும் கற்பூரவல்லியில் இரண்டு இலையைப் பொடியாக நறுக்கி இறக்கும் முன் போடுங்கள். இரண்டிலும் மணம் தரும் எண்ணெய் கிட்டத்தட்ட ஒன்றே. கடையில் விற்கும் சில்லி மசாலா பாக்கெட்டுகளில் உப்பு கூடுதல், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது.

ராஜ்மா கிடைக்காவிட்டால் பெரும்பயறு (காராமணி) தாராளமாகப் போடலாம். சீக்கிரம் வேகும், ராஜ்மா அளவு நச்சும் அதில் இல்லை. தொட்டுக்கொள்ள அவித்த மரச்சீனி பொருந்தும், சம்பா அரிசிச் சோறும் பொருந்தும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் முழுக்கக் கொதிக்கவிட்டுச் சாப்பிடலாம். அடுத்த முறை பயறு சமையல் குறிப்பு வெளியிடும்போது, ஊற வைக்கும் நேரத்தையும் கொதிக்க வைக்கும் நேரத்தையும் முதல் வரியிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.