ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர்

அன்புள்ள சாந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்காலுக்குத் தைலத்தையே நம்பிக்கொண்டிராதே, டாக்டரைப் போய்ப் பார்.

பஸ்ஸில் ஒருவரைப் பார்த்து, “இந்தத் தாத்தாவுக்கு ஏன் ஒரு கால் இல்லை?” என்று உன் பேரன் சத்தமாகக் கேட்க, மருமகள் அவன் வாயைப் பொத்தினாள் என்று எழுதியிருந்தாய். அவள் பதறியது நியாயம்தான். ஆனால், பொத்தியதில் அவனுக்கு என்ன புரிந்திருக்கும்? ஏதோ அசிங்கத்தைப் பார்த்துவிட்டோம் என்றுதானே? “எனக்குத் தெரியவில்லை, கட்டையை ஊன்றி நடக்கிறார் பார்” என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதே. என் கதையைக் கேள்.

போன மாதம் பேத்தி வந்திருந்தாள். ஐந்து வயது. வந்த மறுநாளே சமையலறையில் நின்றுகொண்டு, “ஆச்சி, அந்த டம்ளர் மட்டும் ஏன் ஜன்னலில் இருக்கிறது?” என்றாள். விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்குக் காப்பி ஊற்றுவது. என் மாமியார் காலத்திலிருந்து அதற்கு அதுதான் இடம். நான் அதை மாற்ற நினைத்ததே இல்லை. பாடப்புத்தகத்தில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று அச்சிட்டிருக்குமே, அதை முப்பது வருடம் பிள்ளைகளை நிற்கவைத்து வாசிக்கச் சொன்னவள் நான்!

“அந்த அத்தைக்கு அதுதான் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்த பொய்.

சாயங்காலம் திண்ணையில் பொம்மைகளுக்கு விருந்து நடந்தது. எல்லாப் பொம்மைக்கும் சொப்புக் கிண்ணம். கை ஒடிந்த ஒன்று மட்டும் தூணோரம், அதன் முன்னால் பாட்டில் மூடியில் தண்ணீர். ஏன் என்று கேட்டேன். “இதற்கு இதுதான் பிடிக்கும், ஆச்சி” என்றாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அன்று இரவே அவளிடம் சொன்னேன்: “நான் சொன்னது பொய். அந்த அத்தையை நம்மைவிடக் கீழே என்று நினைத்து அந்தக் காலத்தில் தனி டம்ளர் வைத்தார்கள். அது தப்பு. நானும் யோசிக்காமல் அதையே செய்துவிட்டேன்.” சாதி என்ற சொல்லை எடுக்கவில்லை, அதற்கு இன்னும் வயதிருக்கிறது. ரொம்ப நாள் இல்லை என்பதும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அதன்பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொன்னது. வேண்டியதுதான். ஆனால், மணிக்கட்டில் கயிறு ஏறுவதற்குப் பல வருடம் முன்னாலேயே அந்தப் பிள்ளைகள் ஏதோ ஒரு வீட்டு ஜன்னல் திட்டைப் பார்த்திருப்பார்கள், இல்லையா?

மறுநாள் காலையில் நசுங்கிய டம்ளரைப் பழைய பாத்திரக்காரருக்கு எடுத்துவைத்தேன். எங்கள் டம்ளரிலேயே காப்பி கொடுத்தேன். அந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என் டம்ளர் எங்கே?” என்று கேட்டார். உள்ளே உட்காரச் சொன்னால், “இருக்கட்டும்மா” என்று பழையபடி பின்வாசல் படிக்கே போகிறார். இன்றும் அப்படித்தான். இரண்டு நாளாக நானும் என் காப்பியை எடுத்துக்கொண்டு படிக்குப் போகிறேன். பேச்சு இன்னும் சகஜமாக வரவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

உன்,
விஜயா