ஃபேனை மாற்றும் முன் கண்டென்சரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்தாலே வேலூர் லாங் பஜாரிலும் காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் கடைத்தெருக்களிலும் புது ஃபேன் கேட்டு வருவோர் கூடிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டில் சுற்றாமல் நிற்கும் பழைய ஃபேன்கள் பலவற்றுக்குத் தேவை நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கண்டென்சர் என்ற ஒரு சின்ன பாகம்தான். இந்த ஊர் வீட்டுச் சாமான்களுக்கு எதிரி இரண்டு: வெயிலும் உப்புத் தண்ணீரும். இரண்டும் முதலில் தின்பது மலிவான பாகத்தை. அதை அப்படியே விட்டால், அடுத்துப் போவது விலை கூடிய பாகம். கோடைக்கு முன் எதை வாங்கி வைக்கலாம், எப்படி மாட்டலாம் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில் ஃபேன். சாதாரண சீலிங் ஃபேனின் மோட்டாரில் இரண்டு காயில் (கம்பிச் சுற்று) உண்டு. ஒன்றோடு தொடராக இணைந்திருக்கும் கெப்பாசிட்டரைத்தான் கடையில் கண்டென்சர் என்று கேட்கிறோம். பெரும்பாலும் அதன் மேல் 2.5 மைக்ரோ ஃபாரட் (இது அதன் கொள்ளளவு), 440 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சு. தாளில் எங்காவது பொத்தல் விழுந்தால், அதைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி அந்த இடம் தானே அடைபட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொள்ளளவு போய்விடும். சூடு கூடினால் இது வேகமாக நடக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், வெயில் வாங்கிய தளத்தை ஒட்டி, இரவு பகலாக ஓடும் ஃபேனில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரெகுலேட்டரை 5-ல் வைத்தாலும் 3-ல் சுற்றுவதுபோல் சுற்றும்.

புது ஃபேன் வாங்கும் முன் ஒரு சோதனை. சுவிட்சை அணைத்து, றெக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகவோ கரகரவென்றோ இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி அதையே வாங்க வேண்டும். லேசாகச் சுற்றுகிறது, ஆனால் சுவிட்சைப் போட்டால் 'உம்' என்று முனகி நிற்கிறது, குச்சியால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் அது கண்டென்சர். கருகிய வாடை வந்தால் காயில். முனகிக்கொண்டு நிற்கும் ஃபேனை அப்படியே போட்டு வைக்கவே கூடாது. சுற்றாத மோட்டாரில் மின்னோட்டம் சூடாகவே மாறும், காயில் கருகும். காயில் கட்டும் கூலி கண்டென்சர் விலையைப் போல் பல மடங்கு.

மாற்றும் முறை: சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையும் இறக்க வேண்டும். பல பழைய வீடுகளில் சுவிட்ச், கரண்ட் வரும் ஒயரில் இல்லாமல் திரும்பும் ஒயரான நியூட்ரலில் போடப்பட்டிருக்கும். அணைத்த பிறகும் ஃபேனில் கரண்ட் நிற்கும். ஏறுவதற்குப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், மர ஸ்டூலோ ஏணியோ போடுங்கள். ஃபேன் தொங்கும் கம்பியின் அடியில் உள்ள கப்பைத் தளர்த்தி மேலே தள்ளினால் கண்டென்சர் தெரியும். டெஸ்டர் வைத்துப் பார்த்து, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் கண்டென்சரின் இரு முனைகளையும் ஒரு கணம் இணைத்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஒயரைக் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; காயில் முனை மாறிப்போனால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்று கீழே வராது.

'கொஞ்சம் பெரிசா போட்டா வேகமா சுத்தும்' என்று 3.15 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். வேகம் கொஞ்சம் கூடலாம், காயில் சூடு அதைவிடக் கூடும். பழையதில் உள்ள எண்ணும் 440 வோல்ட்டும் அப்படியே இருக்க வேண்டும். மேலே ஏறியதுதான் ஏறினீர்கள், ஃபேனைத் தாங்கும் போல்ட்டையும் அதில் செருகிய ஸ்பிலிட் பின்னையும் ஒரு கண் பாருங்கள். அந்தப் பின் ஒரு சில ரூபாய்தான். அது இல்லாமல் தொங்கும் ஃபேன்கள் நிறைய இருக்கின்றன.

சுவரில் பெட்டி போல் பெரிதாக, தொட்டால் சுடும் பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் மாற்றிவிடலாம். வேகத்தைக் குறைக்கும்போது மிச்சத்தை அது சூடாகக் கொட்டுகிறது. படிப்படியாகத் திருகும் புது வகையில் அந்த விரயம் மிகக் குறைவு. மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மேலே சொன்ன கண்டென்சர், ரெகுலேட்டர் யோசனைகள் பொருந்தாது: அதில் இந்தக் கண்டென்சரே கிடையாது, பழைய ரெகுலேட்டரை நீக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்து தண்ணீர். பாலாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஊரில், காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் போர் தண்ணீர்தான். அந்த உப்பு முதலில் படிவது ரப்பர் வாஷரில். கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுவதுதான் இதில் பெரிய நட்டம். குழாய்ச் சொட்டையாவது கண்ணால் பார்க்கலாம். படுக்கப் போகும் முன் டேங்கில் நாலைந்து சொட்டு சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அடி வாஷர் போய்விட்டது. தண்ணீரை அடைத்து, டேங்கைக் காலி செய்து, வாஷர் உட்காரும் வட்டத்தைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து உப்பை எடுங்கள். வாஷர் கெட்டியாகி வளைந்திருந்தால் கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வாஷர்கள் அரை சென்டிமீட்டர் மாறினாலும் உட்காராது. டேங்கின் உள்ளே நிற்கும் வழிகுழாயின் வாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால், கோளாறு வாஷரில் இல்லை, மிதவை உயரமாக இருக்கிறது: அந்த வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நீர்மட்டம் நிற்கும்படி திருகைத் திருப்புங்கள்.

குழாய் வாயில் உள்ள சல்லடையும் ஷவர் தலையும் அடைத்துக்கொண்டால் புதிது வாங்க வேண்டாம். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு ஒரு மேசைக்கரண்டியை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளைப் படிவு கரைந்து போகும். மார்பிள் தரையில் சிந்தக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்காதீர்கள், விஷ வாயு வரும்.

பத்து இருபது ரூபாய் டெஃப்லான் டேப்பில்கூடத் தப்பு நடக்கிறது. மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் கழன்று சுருண்டுவிடும். பிளாஸ்டிக் மரையில் ஸ்பானர் போட்டு முறுக்கினால் ஒழுகல் நிற்காது, குழாய்தான் விரியும்.

சம்ப்பில் மாநகராட்சித் தண்ணீர் விழும் குழாய்க்கு மிதவை வால்வு கட்டாயம் வேண்டும். ஆனால் மோட்டார் ஏற்றும் மேல் டேங்கில் மிதவை வால்வை மட்டும் போடாதீர்கள். டேங்க் நிரம்பி வால்வு மூடிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குப் போக வழியின்றி பம்ப் சூடேறும், பைப் ஜாயின்ட் விடும். அங்கே தேவை, டேங்க் நிரம்பியதும் கத்தும் வாட்டர் அலாரம். சில நூறு ரூபாய்தான். அதன் சென்சார் முனை வழிந்தோடும் பைப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே தொங்க வேண்டும். நம் தண்ணீரில் அந்த முனையில் உப்பு பூக்கும், பிறகு அலாரம் ஊமையாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினமும் இருபது நிமிடம் வழிய விட்டால் இரண்டு மாதத்தில் இருபது யூனிட் வீண். கணக்கு 500 யூனிட் ஓரத்தில் நிற்கும் வீட்டில் அந்த இருபதே மேல் படிக்குத் தள்ளிவிடும்.

மொட்டைமாடிச் சூட்டுக்குக் கல் சுண்ணாம்பைவிட மலிவாக ஒன்றும் கிடையாது. இரும்பு அண்டாவில் முதலில் தண்ணீர், அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகலாம். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஓர் இரவு ஊறிய பின் துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்தில் கரைத்து, சிறிது பெவிகால் சேருங்கள். தளத்தைப் பெருக்கி நனைத்துவிட்டு, மாலை ஐந்துக்கு மேல் அடியுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈரத்தோடு வாங்கித்தான் இறுகும். உச்சி வெயிலில் அடித்தால் ஈரம் உடனே போய், காலில் ஒட்டும் மாவாகிவிடும். மறுநாள் லேசாகத் தண்ணீர் தெளித்து, மாலையில் இரண்டாம் பூச்சு. 2003-ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு உங்கள் வீட்டில் சம்ப்போடு இணைந்திருந்தால், சுண்ணாம்பு கரைந்து வரும் முதல் ஓரிரு மழையை வெளியே திருப்பிவிடுங்கள்.

காஸ் ட்யூப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: ஐந்து ஆண்டு ஆனால் மாற்றுங்கள், ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், கசிவைச் சோப்பு நுரையால் மட்டும் பாருங்கள்.

வாங்கவே கூடாத மலிவுச் சாமான் ஒன்றும் உண்டு. பிளக்கில் செருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று விற்கும் 'பவர் சேவர்' பெட்டி. அதனுள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சின்ன விளக்கும். வீட்டு மீட்டர் கணக்கிடுவது உண்மையில் செலவான யூனிட்டை. அந்தப் பெட்டியால் அது குறையாது. அந்தக் காசுக்கு வீட்டிலுள்ள எல்லா ஃபேனுக்கும் கண்டென்சர் வாங்கிவிடலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபேன் கேட்டு வருபவரிடம், பழையதைத் தள்ளிவிட்டால் ஓடுகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஃபேன் கண்டென்சரும் ஃப்ளஷ் வாஷரும் மாற்றுவதைப் பொதுமக்களுக்குச் செய்து காட்டலாம். இரண்டு மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
மின், குழாய்ப் பணியாளர்கள் சிலர்,
காட்பாடி.