தேவையில்லாமல் நடந்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்: விளக்கம் கேட்டு

பெறுநர்: நிர்வாக மேலாளர்

ஐயா,

கடந்த மாதம் 11ஆம் தேதி இரவு 10 மணிக்கு, வயிற்றுவலி என்று என் 19 வயது மகளை உங்கள் மருத்துவமனைக்குக் கூட்டி வந்தேன். 1 மணிக்கெல்லாம் தியேட்டருக்குள் கொண்டு போய்விட்டார்கள். "அப்பெண்டிக்ஸ் சார், வெடிச்சிட்டா உயிருக்கே ஆபத்து" என்றார் டியூட்டி டாக்டர். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எந்த அப்பன்தான் போடமாட்டான்?

பத்து நாள் கழித்து பயாப்சி ரிப்போர்ட்டை கவுண்டரில் நீட்டினார்கள். குடல்வாலில் அழற்சி எதுவும் இல்லை என்கிறது அது. டிஸ்சார்ஜ் சம்மரியிலோ 'தீவிர குடல்வால் அழற்சி' என்று இருக்கிறது. இரண்டும் உங்கள் சீலோடு, ஒரே பின் போட்டு, என் ஃபைலில் இருக்கின்றன.

என் அக்கா மகன் அரசு மருத்துவமனையில் சர்ஜன். முதலில் உங்களுக்காகத்தான் பேசினான்: "எவ்வளவு கவனமாப் பார்த்தாலும் சில சமயம் நல்ல குடல்வாலை எடுக்கும்படி ஆயிடும் மாமா." கேஸ் விவரத்தைப் புரட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. காய்ச்சல் இல்லை. வெள்ளை அணுக்கள் 7,800, அதாவது இயல்பு. வாந்தி இல்லை, வருவதற்கு முன்புதான் இரண்டு இட்லி சாப்பிட்டாள். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் இறங்குவதுதான் அப்பெண்டிக்ஸ் வலியின் வழக்கமாம். இவளுக்கு எடுத்த எடுப்பிலேயே வலப்பக்கம். அப்பெண்டிக்ஸா இல்லையா என்று கணிக்க 1986இல் அல்வராடோ என்ற மருத்துவர் வகுத்த 10 மதிப்பெண் கணக்கை விரல் விட்டுப் போட்டுப் பார்த்தான். அழுத்தினால் வலிப்பதற்கு 2. அவ்வளவுதான்.

அப்புறம், "கடைசியா பீரியட்ஸ் எப்போன்னு கேட்டாங்களா?" என்றான். யாரும் கேட்கவில்லை. என் மனைவி நாள் எண்ணிச் சொன்னாள்: அன்று 14ஆம் நாள். கருமுட்டை வெளியாகும்போதோ சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தாலோ இதே இடத்தில் வலிக்குமாம். அதனால்தான் இந்த வயதுப் பெண்களுக்கு இப்படித் தவறாக ஆபரேஷன் நடப்பது அதிகம், ஸ்கேன் பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது என்றான். வாசலில் '24 மணி நேர ஸ்கேன்' என்று போர்டு வைத்திருக்கிறீர்கள். அன்றிரவு நான் கேட்டதற்கு, "ஸ்கேன் டாக்டர் காலையிலதான் வருவார்" என்றார்கள்.

சரி, காலை வரை அட்மிட் செய்து கவனித்திருக்கலாமே? ஏன் செய்யவில்லை என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். சம்மரியைத் திருத்தித் தர வேண்டும். ஆபரேஷன் குறிப்பு உட்பட முழு கேஸ் ஷீட்டின் நகலும் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. இன்சூரன்ஸ் போக நான் கையிலிருந்து கட்டிய 14,600 ரூபாயையும் திருப்பித் தாருங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டின் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் தந்தை