தலைப்பில் 'சீமை'யை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் 'கண்மாயில் கருவேல மரங்கள் அகற்றம்' என்று ஒரு செய்தி. உள்ளே படித்தால் சீமைக்கருவேலம். தலைப்பில் இடம் பத்தாமல் 'சீமை'யை எடுத்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் படத்தை யார் தேர்ந்தெடுத்தது? பளிச்சென்ற மஞ்சளில் உருண்டை உருண்டையாகப் பூ, மணி கோத்த மாதிரி விதைக்கு விதை இறுகின காய். அது நம் நாட்டுக் கருவேலம். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்கிறோமே, அந்த வேல். அதற்குக் கீழே அறிவியல் பெயர் என்று 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' வேறு!

இதற்கெல்லாமா ஒரு கடிதம் என்று நினைப்பீர்கள். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன சமயத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கும் ஜேசிபி வந்தது. மேற்குக் கரையோரம் நின்றதெல்லாம் நாட்டுக் கருவேலம், மழைக்காலத்தில் கொக்கும் நாரையும் வந்து அடையும். வண்டி ஓட்டிய பையனிடம் "தம்பி, இது வேற மரம்ப்பா" என்றேன். "கருவேலம்னுதான் சொல்லி அனுப்பிச்சாங்க டீச்சர்" என்றான். அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, அவனுக்குச் சொன்ன பெயர் அப்படி. நான் ஊருக்குள் போய் நாலு பேரைக் கூட்டி வருவதற்குள் ஏழு மரம் சாய்ந்துவிட்டது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமே இல்லை. முள்ளை வைத்துப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள், பூவையும் காயையும் பாருங்கள். சீமைக்கருவேலத்தின் பூ உருண்டையாக இருக்காது, கதிர் மாதிரி நீண்டு வெளிறின மஞ்சளில் இருக்கும். காயும் இறுகாமல் நீளமாக இருக்கும், பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும், ஆடு தேடித்தேடித் தின்னும், தின்று போட்ட புழுக்கையிலிருந்து அடுத்த காடு முளைக்கும். இரண்டும் அவரைக் குடும்பம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடும்பத்துக்கு அடுத்த படியான பேரினத்தில் இரண்டும் வேறு வேறு. சீமைக்கருவேலத்தை நீண்ட காலம் எந்த மரத்தோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள் தெரியுமா? விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அந்த வன்னியோடு! ஊரெல்லாம் திட்டும் மரமும் ஊரெல்லாம் கும்பிடும் மரமும் ஒரே இனிஷியலோடு இருந்தன.

2022ல் அந்தப் பேரினத்தைப் பிரித்தார்கள். மரபணு ஆய்வில் பார்த்தால் அதற்குள் இருந்தவை எல்லாம் ஒரே மூதாதையின் பிள்ளைகள் இல்லை என்று தெரிந்ததால் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்தால் பழைய பெயர் யாருக்கு? அதற்கு விதி உண்டு. பேரினத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது எந்தச் சிற்றினத்தை மாதிரியாகக் கொண்டார்களோ, பெயர் அதோடுதான் போகும். 1767ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 'புரோசோபிஸ்' என்று வைத்தது நம் வன்னியைக் கொண்டுதான். ஆகவே வன்னி புரோசோபிஸாகவே இருக்கிறது, சீமைக்கருவேலம் 'நெல்டுமா ஜூலிஃப்ளோரா' ஆகிவிட்டது. நீங்கள் போட்ட அறிவியல் பெயர் படத்துக்கும் பொருந்தவில்லை, அதுவே பழைய பெயரும்கூட.

கருவேலத்தின் கதை இதற்கு நேர்மாறு. நாங்கள் 'அகேசியா நிலோட்டிகா' என்று படித்தோம், அப்படியேதான் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பேரினத்தில் 1,300க்கு மேற்பட்ட சிற்றினங்கள், அதில் ஏறத்தாழ 1,000 ஆஸ்திரேலியாவில். பிரிக்கும் கட்டம் வந்தபோது விதிப்படி பெயர் கருவேலத்தின் பக்கம்தான் வந்திருக்க வேண்டும், மாதிரிச் சிற்றினம் இதுதான். ஆனால் அத்தனை ஆஸ்திரேலிய மரங்களின் பெயரையும் மாற்றுவதா என்று கேட்டு, 2005ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் மாதிரியையே மாற்றி ஒரு ஆஸ்திரேலிய மரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கருவேலத்தின் பக்கம் நிற்கும் ஆப்பிரிக்க மரங்களுக்காகப் பேசியவர்கள் விடாமல் சண்டை போட்டார்கள், 2011ல் மெல்பர்னிலும் முடிவு மாறவில்லை. வசதிக்காகச் செய்தது சரி, ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதற்காக விதியை வளைத்தது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இப்போது கருவேலம் 'வாசெல்லியா நிலோட்டிகா'. வாய் இன்னும் பழகவில்லை. ஒரே ஆறுதல், அந்த வாசெல்லியா பேரினத்தை 1834லேயே ஏற்படுத்திய இருவரில் ஒருவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட். இரண்டு மரத்திலும் கவனியுங்கள், மாறினது பேரினத்தைச் சொல்லும் முன்பாதிதான். நிலோட்டிகாவும் ஜூலிஃப்ளோராவும் அப்படியே இருக்கின்றன.

உங்கள் நிருபர்கள் லத்தீன் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'சீமை' என்ற இரண்டெழுத்தை விடாமல் போடச் சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் 'வேலிகாத்தான்' என்று போடுங்கள், எங்கள் பக்கம் எல்லோருக்கும் புரியும். படத்துக்குத் திருத்தமும் வெளியிடுங்கள். அப்புறம், அந்தப் படம் எந்தக் கண்மாயில் எடுத்தது என்று நிருபரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? மரம் இன்னும் நிற்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்